கார்டில் இருக்கும் உன் பெயர்

மகனுக்கு,

நீ போன் செய்து இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. நான் செய்தால் மணி முழுக்க அடித்துவிட்டு நின்றுபோகிறது. அதனால்தான் இந்தக் காகிதம். உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க வேண்டும் என்பார்கள். நலமில்லை என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன் என்பதால் அந்த வரியை விட்டுவிட்டேன்.

உன் சித்தப்பா உன்னிடம் சொன்னது உண்மைதான். அவர் பட்டா விஷயமாகக் கிராம அலுவலகத்துக்குப் போன இடத்தில் அந்தத் தாளைப் பார்த்திருக்கிறார். அவர் வாயில் அது இரண்டு மடங்காகப் பெருத்திருக்கும், ஆனால் அடிப்படை பொய்யில்லை. 'என் மகன் என்னைப் பராமரிப்பதில்லை, அவன் வருமானத்திலிருந்து எனக்கு எந்த உதவியும் இல்லை' என்று வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். யாரும் என்னை மிரட்டிப் போட வைக்கவில்லை. நல்ல பேனாவாகக் கேட்டு வாங்கித்தான் போட்டேன். இதை உனக்கு எழுதும்போது அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கொஞ்ச நாளாகவே எனக்கு எதுவும் வருவதில்லை. சாப்பிட்டேனா இல்லையா என்பதைக்கூடத் தட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். ஏன் அப்படி எழுதிக் கொடுத்தேன் என்பதை முதலிலிருந்து சொல்கிறேன். கோபத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் படி. படித்து முடித்த பிறகு எடுத்துக்கொள்ளலாம், அது எங்கும் போகாது.

நாலு வருடமாக எனக்கு இதயத்தில் ஒரு கோளாறு. முதல் தடவை அது வந்தபோது திண்டிவனத்தில் டெய்லர் கடையில் புடவைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். மோட்டார் மிஷினில் பெடல் சிக்கிக்கொண்டால் நாம் காலை எடுத்த பிறகும் அது தன் பாட்டுக்கு ஓடுமே, அப்படி நெஞ்சு ஓட ஆரம்பித்தது. கழுத்து நரம்பு துடிப்பது எதிரில் இருந்தவர்களுக்கே தெரிந்தது. இருபது நிமிஷம் ஓடிவிட்டு, யாரோ சுவிட்சை அணைத்தது போலத் தானாக நின்றது. எல்லோரும் கேஸ் என்றார்கள். நானும் கேஸ் என்றேன். ஓமத்தண்ணீர் குடித்தேன், உருளைக்கிழங்கை விட்டேன், பருப்பை விட்டேன். பிறகு மாதம் ஒரு முறை, சில மாதம் மூன்று முறை வந்தது. இரண்டு தடவை திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். இரண்டு தடவையும் வாசலைத் தாண்டும்போது நின்றுவிட்டது. அங்கே ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ஒழுங்காக இருந்தது. பல் வலிக்காரன் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் வலி போய்விடுமே, அந்தக் கதைதான். நீ ஒரு பொங்கலுக்கு வந்தபோது "ஏம்மா மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்குது" என்று கேட்டாய். வெயில் என்றேன். தை மாதத்தில் என்ன வெயில் என்று நீயும் கேட்கவில்லை. உடம்பில் ஒன்று வந்தால் அதற்கு நீயே பெயர் வைத்துவிடாதே. நான் வைத்த பெயரால் எனக்கு மூன்று வருடம் போனது.

உன் கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்க விழுப்புரம் போய்க்கொண்டிருந்தேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் வரிசையில் நிற்கும்போது அது வந்தது. இந்த முறை கண் இருட்டியது. கண்டக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எறங்கும்மா, ஜல்தி எறங்கு, எதிர்லயே கிளினிக் கீது" என்று கையைப் பிடித்து இறக்கிவிட்டார். ரோட்டோரத்துச் சின்ன கிளினிக். அங்கிருந்த நர்ஸ் பெண் ஒரு வார்த்தை கேட்காமல் படுக்க வைத்து ஒயரை ஒட்டினாள். மூன்று வருடத்தில் முதல் முறையாக அது ஓடும்போதே அதைப் பிடித்துவிட்டார்கள். அந்த டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, "இது கேஸ் இல்லம்மா. இந்த பேப்பரை எடுத்துக்கினு முண்டியம்பாக்கம் மெடிக்கல் காலேஜுக்குப் போங்க. இது ரொம்ப முக்கியம், பத்திரமா வெச்சுக்குங்க" என்றார்.

பத்திரமாக வைப்பது என்றால் நம் வீட்டில் என்ன என்று உனக்குத் தெரியும். உன் சாதிச் சான்றிதழ், அப்பாவின் இறப்புச் சான்றிதழ், கேஸ் கனெக்‌ஷன் தாள் எல்லாம் கண்ணாடி மாதிரி லேமினேஷன் போட்டு பீரோவில் இருக்கின்றன. நீ பாலிடெக்னிக்கில் சேரும்போது உன் பத்தாவது மார்க் ஷீட்டையும் நான் லேமினேஷன் செய்து வைத்திருந்தேன். அதன் பின்பக்கம் சீல் குத்த முடியாமல் ஆபீசில் திட்டினார்கள். ராத்திரி இஸ்திரிப் பெட்டியை வைத்துச் சூடு காட்டிக் காட்டி அதை நீ உரித்தாய். "இனிமே என்னக் கேக்காம எதையும் லேமினேஷன் பண்ணாதம்மா" என்றாய். சரி என்றேன். அன்றைக்கு விக்கிரவாண்டியிலிருந்து திரும்பியதும் நேராகத் திண்டிவனம் ஜெராக்ஸ் கடைக்குப் போய் அந்த ஈ.சி.ஜி. சீட்டைக் கொடுத்தேன். அங்கிருக்கும் அக்கா மிஷினுக்குள் விட்டார். மறுபக்கம் அது கரேல் என்று வெளியே வந்தது. ஒரு கோடு இல்லை, ஒரு எழுத்து இல்லை, அடுப்புச் சட்டியின் அடிப்பாகம்தான். அந்தத் தாளில் சூடு பட்டால் அப்படி ஆகிவிடுமாம், பஸ் டிக்கெட் வெயிலில் கறுப்பது போல. அக்கா மிஷினை அணைத்துவிட்டு, "இன்னாம்மா இது, பூரா கரியாப் போயிடுச்சே" என்றார். காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் அதைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மறுநாள் அந்தக் கிளினிக்குக்கே போய் இன்னொரு பிரதி கேட்டேன். அந்த மிஷின் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாதாம்.

உன்னிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். கல்யாணத்துக்கு இருபத்தெட்டு நாள் இருந்தது. சொன்னால் தேதியைத் தள்ளுவாய், பெண் வீட்டில் காரணம் கேட்பார்கள், மாமியாருக்கு நெஞ்சு நோய் என்று விழுப்புரம் முழுக்கப் பேச்சு வரும் என்று நினைத்தேன். கல்யாணத்தன்று மேடையில் நின்றபோது லேசாக ஓடியது. போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார், சிரித்தேன். ஆல்பத்தில் எந்த போட்டோ என்று உன்னால் கண்டுபிடிக்க முடியாது, எனக்குத் தெரியும்.

நீங்கள் ஓசூர் போன பிறகு முண்டியம்பாக்கம் போனேன். அங்கே ஒரு பெண் டாக்டர். நான் நீட்டிய கறுப்புத் தாளைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை. "இதுல என்ன இருந்துச்சுன்னு தெரியாம மேல எழுத முடியாதும்மா. வர்றப்ப எடுத்தாத்தான் எந்த மாதிரி ஓட்டம்னு தெரியும்" என்றார். இடுப்பில் ஒரு பெட்டியைக் கட்டி, நெஞ்சில் ஒயர் ஒட்டி, ஒரு நாள் முழுக்க வைத்திருந்தார்கள். அன்றைக்குப் பார்த்து என் இதயம் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கை கட்டி உட்கார்ந்திருந்தது. பெட்டியைக் கழற்றிக் கொடுத்த மூன்றாம் நாள் வீட்டில் பாத்திரம் விளக்கும்போது வந்தது. அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், அது வரும் இடத்தில் ஆஸ்பத்திரி இல்லை என்றால், ஆஸ்பத்திரி இருக்கும் இடத்தில் நான் போய் இருந்துகொள்கிறேன் என்று.

தினமும் காலையில் திண்டிவனத்திலிருந்து பஸ். ஒன்பது மணிக்கு முண்டியம்பாக்கம். கையில் டிபன் பாக்ஸ், ஒரு பையில் டெய்லர் கடையிலிருந்து நாலு புடவை. முந்தானைக்குக் குஞ்சம் கட்டுவதற்கு மிஷின் வேண்டாம், கை போதும். அவசரப் பிரிவுக்கு எதிரில் ஒரு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருப்பேன். நாலாம் நாள் செக்யூரிட்டி அம்மா செல்வி வந்து நின்றாள்.

"தினம் இங்கயே குந்திக்கினு கீறீங்களே, யாரு உங்க பேஷன்ட்டு? எந்த வார்டு?"

"நான்தான்மா பேஷன்ட்டு."

"உங்களுக்கு இன்னா?"

"இன்னும் வரல. வரும்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். மறுநாள் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள் போல. அதற்குப் பிறகு மத்தியானத்தில் வறுத்த மல்லாட்டை வாங்கினால் தோலை உரித்து எனக்கும் ஒரு பிடி கடலை கொடுப்பாள். "இன்னைக்கு வந்துச்சா?" என்று கேட்பாள். இல்லை என்பேன். "பேஜாரு புடிச்ச நோவா கீதே" என்பாள். இப்படி இருபத்திரண்டு நாள் போனது. நல்ல உடம்போடு உட்கார்ந்து, கெட்டுப்போ கெட்டுப்போ என்று என் நெஞ்சைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆம்புலன்ஸ் வரும், ஆட்கள் ஓடுவார்கள், அழுவார்கள். முதல் வாரம் பதறினேன். இரண்டாவது வாரம் தலையைத் தூக்காமலே குஞ்சம் கட்ட வந்துவிட்டது. எனக்குள் ஏதோ மரத்துப்போனது அந்த பெஞ்சில்தான் என்று நினைக்கிறேன். அது இன்னும் சரியாகவில்லை.

இருபத்துமூன்றாம் நாள் மத்தியானம், குழாயடியில் டிபன் பாக்ஸ் கழுவும்போது வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். செல்வி தூரத்திலிருந்தே பார்த்துவிட்டாள். வீல்சேரைத் தள்ளிக்கொண்டு, "வழி விடுங்க, வந்துடுச்சி, வந்துடுச்சி" என்று சொல்லிக்கொண்டே உள்ளே கொண்டுபோனாள். என்ன வந்துவிட்டது என்று யாருக்குப் புரிந்திருக்கும். ஒயரை ஒட்டினார்கள், சீட்டு ஓடியது. டாக்டர் அதைக் கையில் எடுத்து, "கிடைச்சிடுச்சும்மா" என்றார். முதல் வேலையாக அதைத் தன் போனில் போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகு ஒரு ஊசி போட்டார்கள். "ரெண்டு மூணு செகண்ட் உயிர் போற மாதிரி இருக்கும், பயப்படாதீங்க" என்றார்கள். அப்படித்தான் இருந்தது. எல்லாம் கீழே போனது. பிறகு நெஞ்சு ஒழுங்காக அடித்தது. எனக்குப் பயமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. கழுவின பாக்ஸ் குழாயடியிலேயே இருக்கிறதே என்று நினைத்தேன்.

இதயத்தில் கரண்ட் ஓடும் வழியில் எனக்கு ஒரு ஒயர் கூடுதலாக இருக்கிறதாம். தொடை வழியாகக் கம்பி விட்டு அந்த இடத்தை மட்டும் சுட்டுவிட்டால் பெரும்பாலும் திரும்பி வராதாம். சென்னையில் செய்வார்கள், அதற்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். "கவர்மென்ட் காப்பீட்டு அட்டை இருந்தா உங்க கையிலேர்ந்து எதுவும் வேணாம். அட்டை இல்லைன்னா அந்தக் கம்பிக்கு நீங்கதான் கட்டணும். அட்டை இருக்கா?" என்று கேட்டார். எனக்கு அட்டை இல்லை. தனியார் காப்பீடு போடலாமா என்று ஒரு ஏஜென்டைக் கேட்டேன். வியாதியை வைத்துக்கொண்டு வந்தால் அந்த வியாதிக்குச் சில வருஷம் கிடைக்காது என்றார். உன் கம்பெனி காப்பீட்டில் நீயும் மருமகளும் இருக்கிறீர்கள். அம்மாவையும் சேர்க்க இன்னும் கொஞ்சம் கட்ட வேண்டும், சேர்க்கவா என்று கல்யாணத்துக்கு முன்னால் நீ கேட்டாய். எனக்கு என்ன கேடு, அந்தக் காசில் ஒரு கட்டில் வாங்கு என்று நான்தான் சொன்னேன். அப்போது எனக்கு மூன்று வருடமாக நெஞ்சு ஓடிக்கொண்டிருந்தது. உன் மேல் தப்பில்லை என்பதற்காக இதை எழுதுகிறேன். ஆனால் நாளைக்கு உன் பெண்டாட்டி ஒன்றுமில்லை என்று சொன்னால், ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேள். நம் வீட்டுப் பெண்கள் ஒன்றுமில்லை என்று சொல்வதில் கெட்டிக்காரர்கள்.

காப்பீட்டு அட்டைக்கு வருமானச் சான்று வேண்டும், வருமானச் சான்றுக்கு ரேஷன் கார்டு வேண்டும். வி.ஏ.ஓ. நல்ல மனுஷர்தான், சின்ன வயது. கார்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "இதுல உங்க பையன் பேரு இருக்குதும்மா. அவரு கம்பெனியில பர்மனென்ட். ரெண்டு பேரையும் சேர்த்துத்தான் குடும்ப வருமானம், அளவைத் தாண்டிடும்." அவன் கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறான் என்றேன். "அப்போ பேரை எடுத்துடுங்க. அவரு அங்க தனி கார்டு வாங்கிக்கட்டும். நீங்க ஒத்த ஆளு ஆயிடுவீங்க, சுலபமா முடிஞ்சிடும்" என்றார். வேறு வழியில்லையா என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, "பையன் கவனிக்கறதில்லைன்னு எழுதிக் குடுத்தீங்கன்னா, விசாரிச்சு அவரு வருமானத்தைச் சேர்க்காம விடப் பார்க்கலாம். ஆனா அது எதுக்கும்மா?" என்றார். நான் பேனா கேட்டேன்.

நம் ஊரில் கார்டைப் பிரிப்பது என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். உன் அப்பாவும் சித்தப்பாவும் கார்டைப் பிரித்த அன்றைக்கே அண்டாவையும் குண்டானையும் பிரித்தார்கள். அதற்குப் பிறகு ஆறு வருடம் ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நீ பிறந்த எட்டாம் மாதம் உன் பெயரைச் சேர்க்க உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு தாலுகா ஆபீசில் அரை நாள் நின்றேன். அப்பா போன பிறகு அவர் பெயரை எடுத்தார்கள். மிச்சம் இருப்பது நாம் இரண்டு பேர். உன் பெயரை எடுத்துக்கொள் என்று உன்னிடம் கேட்பதைவிட, நீ என்னைக் கவனிப்பதில்லை என்று யாரோ ஒருவரிடம் எழுதிக் கொடுப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. இதுதான் நடந்தது. இதைச் சித்தப்பா உனக்குச் சொல்லியிருக்க முடியாது, அவருக்குத் தெரியாது.

விசாரிக்க வி.ஏ.ஓ. அனுப்பிய தலையாரி நம் தெருவுக்கு வந்தார். எதிர்வீட்டு மல்லிகா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "யாரு, அந்தப் புள்ளையா கவனிக்கல? மாசம் பொறந்தா பணம் வந்துடுதுங்க. தீபாவளிக்கு மிக்சி வாங்கியாந்துச்சி. தினம் சாயந்திரம் போன் பண்ணிடும், நான்தான் கேட்டுக்கினு இருக்கேனே. இந்தம்மா ஏதோ கொழம்பிப் போயி எழுதியிருக்குது" என்றாள். பக்கத்து வீட்டுக்காரரும் அதையே சொன்னார். தலையாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனார். நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வெகு நாளைக்குப் பிறகு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் மனு தள்ளுபடி ஆகிக்கொண்டிருக்கிறது என்பது அப்புறம்தான் உறைத்தது. பிறகு வெட்கமாக இருந்தது, பிறகு அதுவும் போய்விட்டது. மறுநாள் வி.ஏ.ஓ. தாளைத் திருப்பிக் கொடுத்து, "தெருவே சாட்சி சொல்லுது, நான் இன்னாம்மா பண்றது?" என்றார்.

போன வாரம் மட்டும் மூன்று முறை வந்துவிட்டது. ஒரு தடவை கிணற்றடியில் விழுந்தேன், முழங்கையில் மட்டும் அடி. சென்னையில் எனக்கு ஒரு தேதி கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் அட்டை வேண்டும். உன்னிடம் சொன்னால் கடன் வாங்கியாவது கட்டிவிடுவாய் என்று தெரியும். அது வேண்டாம், உனக்கு இப்போதுதான் ஒரு வீடு வாசல் என்று ஆகியிருக்கிறது. முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்கிறேன். நம் கார்டிலிருந்து உன் பெயரை எடுத்துவிடு. அங்கே மருமகளோடு உனக்கென்று ஒரு கார்டு வாங்கிக்கொள். ஊர் என்ன சொன்னாலும் சொல்லட்டும். நான் கொடுத்த தாளை வாங்கிவந்து கிழித்துவிட்டேன்.

வருகிற திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்குத் திண்டிவனம் இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருப்பேன். பெயரை நீக்க ஓ.டி.பி. வேண்டுமாம். கார்டில் பதிந்திருக்கும் நம்பர் உன்னுடையது, எனக்குப் போன் இல்லாத காலத்தில் நீ கொடுத்தது. உன் போனுக்குத்தான் அந்த எண் வரும். கொஞ்ச நேரத்துக்குத்தான் செல்லும் என்றார்கள். வந்ததும் என்னைக் கூப்பிட்டுச் சொல். வேறு எதுவும் பேச வேண்டாம். திட்டுவதென்றால் அப்புறம் திட்டு. அந்த எண்ணை மட்டும் ஒவ்வொன்றாக, நிறுத்தி நிதானமாகச் சொல். நான் பேனா வைத்துக்கொண்டு காத்திருப்பேன்.

அம்மா